மூன்று வரியில் முடிந்த அறுபது வருட நடிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஒக்டோபர் 3ஆம் திகதி இங்கிலாந்து நடிகை பட்ரீசியா ரவுட்லெட்ஜ் தனது 96ஆவது வயதில் காலமான செய்தியை உங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில், ஒரு ஓரத்தில் பார்த்தேன். மூன்று வரி. ‘பிபிசி நகைச்சுவைத் தொடரில் நடித்துப் புகழ்பெற்றவர்’ என்று ஒரு வரி. பெயரும் வயதும் ஒரு வரி. ‘ரசிகர்கள் இரங்கல்’ என்று மற்றொன்று. பக்கத்தில் தொப்பியும் முத்துமாலையுமாகச் சிரிக்கும் அந்தப் படம்.

நான் லண்டனில் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறேன். உங்கள் பத்திரிகையை வாங்கத் தொடங்கியும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. சண்டை பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த மூன்று வரியைத் தாண்டி அந்த அம்மாவைப் பற்றி எங்கள் சனத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை யாராவது எழுதுவார்கள் என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ‘கீப்பிங் அப் அப்பியரன்ஸஸ்’ 1990 முதல் 1995 வரை பிபிசியில் போனது. ரோய் கிளார்க் எழுதியது. மொத்தம் 44 பகுதிகள். அதில் இவருக்கு ஹயசிந்த் என்ற பாத்திரம். கணவரின் குடும்பப் பெயர் ‘பக்கெட்’, அதாவது வாளி. அதே எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி ‘பூக்கே’ என்று வாசித்தால் பூங்கொத்து ஆகிவிடும். வாளியைப் பூங்கொத்தாக மாற்ற ஒரு பெண் படுகிற பாடுதான் முழுக்கதையும். அவருடைய சகோதரிகளுக்கும் பூக்களின் பெயர்கள்தான்: டெய்சி, ரோஸ், வயலட். பிறந்த வீடு ஏழை வீடு, அதை மறைக்க வேண்டும். டெய்சியின் புருஷன் ஒன்ஸ்லோ பனியனோடு வந்து வாசலில் நிற்பான். வெடிச்சத்தம் போடும் அவனுடைய பழைய கார் தெருமுனையில் திரும்பும்போதே இவருடைய முகம் மாறிவிடும்.

இந்தத் தொடர் உலகமெல்லாம் போயிருக்கிறது. பிபிசி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்த நிகழ்ச்சிகளில் முதலிடம் இதற்குத்தான், ஏறக்குறைய ஆயிரம் தடவை விற்கப்பட்டது என்று 2016இல் அறிவித்தார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் அதை ஏற்றுமதி செய்யத் தேவைப்படவில்லை. 1992இல் கொழும்பிலிருந்து என் மாமி வந்து எங்களோடு இருந்தா. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இது போகும்போது தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து இருந்துவிடுவா. பக்கத்து வீட்டு எலிசபெத் ஹயசிந்தின் சமையலறையில் கோப்பி குடிக்கும் காட்சி அடிக்கடி வரும். பூ வரைந்த விலை உயர்ந்த றோயல் டோல்ட்டன் கோப்பை. ஹயசிந்த் அதை நீட்டும்போதே எலிசபெத்தின் கை நடுங்கத் தொடங்கும். கோப்பை தட்டில் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போடும், கோப்பி சிந்தும். மாமி கண்ணில் நீர் வரச் சிரிப்பா. ஒரு நாள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னா: “இவ கோப்பைக்குப் பயப்பிடேல்ல பிள்ளை, மனுசிக்குப் பயப்பிடுறா. மனுசி ஆருக்குப் பயப்பிடுறா எண்டு பார். தன்ர தங்கச்சி வந்து நிண்டிடுவாளோ எண்டுதான் அவவுக்குப் பயம்.”

மொழி தெரியாத ஒரு எழுபது வயது மனுசிக்கு இவ்வளவும் விளங்கியது என்றால், அந்த நடிகை முகத்தாலும் தோளாலும் எவ்வளவு சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எலிசபெத்தாக நடித்த ஜோசஃபின் டியூசனையும், கணவராக நடித்த கிளைவ் ஸ்விஃப்டையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அவர்களும் இன்று இல்லை. ஹயசிந்தின் பேச்சை வாங்கிக்கொள்ள அப்படிப்பட்ட காதுகள் எதிரில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு அப்படி எடுபட்டிருக்காது.

அந்தத் தொடரில் இன்னொரு விஷயம் உண்டு. எலிசபெத்தின் தம்பி எமெட் ஒரு இசைக்காரர். அவர் வெளியில் காலெடுத்து வைத்தால் போதும், தனக்கும் அவருடைய நாடகத்தில் ஒரு வேஷம் கிடைக்காதா என்று ஹயசிந்த் உச்சக் குரலில் பாடத் தொடங்கிவிடுவார். காதைப் பொத்த வேண்டிய பாட்டு. எமெட் வீட்டுக்குள் ஓடி ஒளிப்பார். நாங்கள் சிரித்தோம். அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாத ஒன்று, அந்தக் குரல் நன்றாகப் பயின்ற குரல் என்பது. இசை நாடகத்துக்காக அமெரிக்காவின் மிகப் பெரிய மேடை விருதையும் இங்கிலாந்தின் மிகப் பெரிய மேடை விருதையும் வாங்கிய குரல். சங்கீதம் தெரியாதவர் சுருதி தப்பினால் அது வெறும் சத்தம். சுருதி தெரிந்தவர் எவ்வளவு தப்ப வேண்டுமோ அவ்வளவு மட்டும், ஒரு மயிரிழை, தப்ப வைத்துக் காட்டினால்தான் அது பாத்திரம் ஆகும். நான் சிறுவயதில் நாலு வருடம் பாட்டுக்குப் போனவள். அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

உங்கள் மூன்று வரியில் விடுபட்டது இதுதான். ஹயசிந்தாக வந்தபோது அவருக்கு வயது 61. மேடையேறி 38 வருடம் ஆகியிருந்தது.

பட்ரீசியா ரவுட்லெட்ஜ் 1929ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி பேர்க்கன்ஹெட்டில் பிறந்தார். லிவர்பூலுக்கு எதிர்க்கரை. நடுவில் மேர்சி நதி. தகப்பனார் ஆண்களுக்கான உடுப்புக் கடை வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்தத் துறைமுகப் பகுதியில் குண்டு மழை பெய்தது. குடும்பம் கிழமைக் கணக்காகக் கடையின் நிலவறையிலேயே இருந்திருக்கிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1952இல் லிவர்பூல் பிளேஹவுஸ் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சமர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ஹிப்பொலிட்டாவாக முதன்முதல் மேடையேறினார். பிறகு பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயிற்சி. 1954இல் லண்டன் மேடை. 1961இல் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் தேநீர்க்கடைக்காரியாகச் சில காலம் வந்தார். 1967இல் சிட்னி பொய்ட்டியர் நடித்த ‘டு சேர் வித் லவ்’ படத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியைகளில் ஒருவர். இது எங்கள் வாசகர்கள் பலர் ஊரிலேயே பார்த்த படம். அடுத்த முறை பார்க்கும்போது அந்த முகத்தைத் தேடிப் பாருங்கள்.

1968இல் நியூயோர்க். ‘டார்லிங் ஒஃப் த டே’ என்ற இசை நாடகம், வின்சென்ட் பிரைஸ் உடன். 31 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். ஆனால் அந்த 31 காட்சிகளுக்காக அவருக்கு அமெரிக்காவின் டோனி விருது கிடைத்தது. லெஸ்லி அகம்ஸ் என்ற நடிகையும் இவரும் சரிசமமாக வர, இருவருக்கும் கொடுத்தார்கள். தோற்றுப்போன நாடகத்தில் வெற்றிபெற்ற நடிகை.

எட்டு வருடம் கழித்து, 1976இல், அதைவிடப் பெரிய தோல்வி. லெனர்ட் பேர்ன்ஸ்டைன் இசை, அலன் ஜே லேர்னர் எழுத்து, ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’. வெள்ளை மாளிகையின் கதை. ஜனாதிபதிகளின் மனைவிமார் எல்லோராகவும் இவர் ஒருவரே நடித்தார். ஏழு காட்சிகள், முடிந்தது. முறையான ஒலித்தட்டுக்கூட வெளிவரவில்லை. அதில் ஒரு பாட்டு உண்டு. 1877, புதிய ஜனாதிபதி பதவியேற்கிறார். வீட்டைவிட்டுப் போகிற ஜூலியா கிரான்ட், வீட்டுக்குள் வருகிற லூசி ஹேஸ், இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் மனத்துக்குள் வெட்டிக் குத்துகிறார்கள். இரண்டு பேரும் இவர்தான். ஒரே மேடை, ஒரே நேரம், ஒரே தொண்டை. ஒருத்தியின் குரல் தடித்துத் தாழ்ந்து வரும். மற்றவளின் குரல் மெலிந்து மேலே மேலே ஏறும். மூச்சு எடுக்க இடம் இருக்கிறதா என்று தேடித் தேடிக் கேட்டேன். என் மகள் கைபேசியில் கண்டுபிடித்துத் தந்த பழைய ஒலிப்பதிவு, இரைச்சல் நிறைந்தது. பாட்டு முடிய எழும்புகிற கைதட்டல் ஓயவே மாட்டேன் என்கிறது. அந்த நாடகத்தைப் பார்க்கக் கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

நான் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவள். ஆண்டுவிழா நாடகம் பழக்குவது என் பொறுப்பு. பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பே போராட்டம். அதற்குமேல் ‘குரலை மாற்று’ என்றால் கத்துவார்கள், இல்லாவிட்டால் முணுமுணுப்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு பிள்ளையே தாயாகவும் மகளாகவும் கதைக்க வேண்டும், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பக்கூடாது. பதினொரு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி மூன்று கிழமை முயற்சி செய்து, நாலாம் கிழமை வந்து நின்று, தாய் கதைக்கும்போது மூச்சை வயிற்றிலிருந்தும் மகள் கதைக்கும்போது நெஞ்சிலிருந்தும் எடுத்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அன்று வகுப்பில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். பட்ரீசியா ரவுட்லெட்ஜ் என்ற பெயர் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இங்கிலாந்து மேடையில் அவர் செய்தவற்றையெல்லாம் அடுக்கப் போவதில்லை. இரண்டை மட்டும் விட முடியாது. 1984இல் ரோயல் ஷேக்ஸ்பியர் கம்பனியின் ‘ரிச்சர்ட் த தேர்ட்’. அன்டனி ஷேர் கூன் விழுந்த அரசனாக வந்து பேர் வாங்கிய தயாரிப்பு. அதில் இவர் மார்கரெட் அரசி. புருஷனையும் மகனையும் பறிகொடுத்து, அரண்மனைக்குள் வந்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சாபம் போடுகிற பாத்திரம். எங்கள் கூத்தில் காந்தாரிக்கு எப்படி ஒரு நிறை இருக்கிறதோ அப்படி நிறை கேட்கிற வேஷம். ஹயசிந்தை மட்டும் பார்த்தவர்களால் இதைக் கற்பனை செய்ய முடியாது. மற்றது 1988. ஓல்ட் விக் அரங்கில் பேர்ன்ஸ்டைனின் ‘கன்டீட்’. அதில் வரும் கிழவி வேஷத்துக்காக இங்கிலாந்தின் ஒலிவியர் விருது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாருடைய இசையில் ஏழே காட்சியில் கவிழ்ந்தாரோ, அவருடைய இசையிலேயே எழும்பி வந்திருக்கிறார்.

இனி என் சொந்த விஷயம் ஒன்று. இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

நான் 1987இல் இங்கே வந்தேன். அடுத்த வருடம், 1988இல், பிபிசியில் அலன் பெனட் எழுதிய ‘டோக்கிங் ஹெட்ஸ்’ வரிசை போனது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு ஆள், கமராவைப் பார்த்துக் கதைப்பார், அவ்வளவுதான். அதில் ஒரு பகுதி ‘எ லேடி ஒஃப் லெட்டர்ஸ்’. ஐரின் ரடொக் என்ற தனித்த பெண், தாய் செத்துப்போனவள். ஊரில் எது பிழை என்றாலும் கடிதம் எழுதுவாள். நகரசபைக்கு எழுதுவாள், கடைக்கு எழுதுவாள், பொலிசுக்கு எழுதுவாள். எதிர்வீட்டுக்காரர் பிள்ளையைச் சரியாகப் பார்ப்பதில்லை என்றும் எழுதிவிடுகிறாள். உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் கடும் நோய். கடைசியில் ஐரினைச் சிறைக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் வாழ்க்கையில் முதன்முதலாக அவளுக்குச் சிநேகிதிகள் கிடைக்கிறார்கள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

அன்று எனக்குப் பாதி ஆங்கிலம்தான் விளங்கியது. புருஷன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. நான் தனியாக, ஒரு அறையில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த நாட்களில் நானும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு. சண்டை காரணமாகப் பல கடிதங்கள் போய்ச் சேரவே இல்லை. சில திரும்பி வந்தன. திரையில் அந்த முகம், பெரிதாக, எதிரில். நல்ல ஒழுங்கான ஒரு பெண் தான் செய்வதெல்லாம் சரி என்று விளக்கிக்கொண்டு போகிறாள். குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளையின் விஷயம் தெரியவரும்போது, பேச்சு நிற்கவில்லை, அழவில்லை, கண்ணுக்குக் கீழே எங்கோ ஒரு இடம் மட்டும் தளர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. எதற்காக அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன், முழு ஆங்கிலமும் விளங்கியபின்னும். சொற்கள் விளங்க விளங்க அந்த முகம் இன்னும் ஆழமாகிக்கொண்டு போனதே தவிர, முதல் நாள் விளங்கியது மாறவில்லை.

இப்படி ஒருவர் தனியாகக் கமராவைப் பார்த்துக் கதைக்கும் நாடகத்தைப் பெனட்டும் இவரும் 1982இலேயே செய்து பார்த்துவிட்டார்கள். ‘எ வுமன் ஒஃப் நோ இம்போர்ட்டன்ஸ்’. அலுவலகச் சாப்பாட்டறையில் எந்த மேசையில் யார் பக்கத்தில் இருப்பது என்பதையே உலகமாகக் கொண்ட ஒரு எழுதுவினைஞர், கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்கிறாள். அதே 1982இல்தான் மைக்கேல் ஃபிரெயின் எழுதிய ‘நொய்சஸ் ஓஃப்’ முதன்முதலாக லண்டன் ஹமர்ஸ்மித்தில் மேடையேறியது. அதில் இவர் கையில் சார்டீன் தட்டும் ரெலிபோனுமாகத் தடுமாறுகிற வயதான நடிகை. ஒரே வருடத்தில், ஒரு பக்கம் கதவுகள் அடித்துச் சாத்தப்படும் பெரும் பகிடி நாடகம், மறுபக்கம் அசையாமல் இருந்து மெல்லச் சாகும் ஒரு பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் அந்த நடிகையின் அளவு. ‘நகைச்சுவைத் தொடரில் நடித்துப் புகழ்பெற்றவர்’ என்று போட்டீர்கள். அந்த வரியில் இந்தத் தூரம் இல்லை.

வானொலியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். முகம் தெரியாத குரலுக்காகக் காத்திருந்தவர்கள். எங்களுக்காவது இது விளங்க வேண்டும். பிபிசி ரேடியோ ஃபோரில் 1997இலிருந்து ‘லேடீஸ் ஒஃப் லெட்டர்ஸ்’ என்று ஒரு தொடர் போனது. ஒரு கலியாண வீட்டில் சந்தித்த இரண்டு விதவைப் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதுகிற கடிதங்கள். ஒருவர் பட்ரீசியா ரவுட்லெட்ஜ், மற்றவர் புரூனெல்லா ஸ்கேல்ஸ். ‘ஃபோல்ட்டி டவேர்ஸ்’ பார்த்தவர்களுக்கு ஸ்கேல்ஸைத் தெரியும், அந்த ஹோட்டல்காரரின் மனைவி சிபில். மரியாதையாகத் தொடங்கும் கடிதத்தின் நடுவில் ஒரு சின்ன ஊசி இருக்கும். பதில் கடிதத்தில் அதைவிடச் சின்னதாக, அதைவிடக் கூராக ஒன்று.

நான் அப்போது முதியோர் இல்லம் ஒன்றில் காலை வேலை செய்தேன். பார்வை போன ஒரு முதிய பெண்மணி, முன்னாள் பள்ளி ஆசிரியை, வானொலியை அணைக்கவே விடமாட்டா. கட்டில் துணி மாற்ற நான் போகிற நேரமும் அந்தத் தொடர் போகிற நேரமும் பல நாள் ஒத்துவரும். கால்மணி நேரம். நான் சத்தம் வராமல் தலையணை உறை போட்டுக்கொண்டு கேட்பேன். ஒரு நாள் அந்தப் பெண்மணி விரலைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டுச் சொன்னா, “கேள், இப்போது அவள் சிரித்துக்கொண்டு எழுதுகிறாள், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.” எனக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் கவனித்துக் கேட்டேன். கேட்டது. கடிதத்தின் சொற்கள் இனிப்பாக இருந்தன. ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் குரல் ஒரு நூலளவு இறுகியது. ஒரு நடிகையின் குரலை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தவ அந்தக் கண் தெரியாத மனுசிதான். அவ போய்க் கனகாலம் ஆகிறது. ஸ்கேல்ஸும் அதே ஒக்டோபரில், 27ஆம் திகதி, 93 வயதில் போய்விட்டார். கடிதம் எழுதிய இரண்டு பெண்களும் ஒரே மாதத்தில்.

1995இல் ஹயசிந்த் நல்ல உச்சத்தில் இருக்கும்போதே போதும் என்று நிறுத்தியவர் அவரேதான். இன்னும் பத்து வருடம் அந்தத் தொப்பியோடு வந்து காசு பார்த்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த வருடம் தொடக்கத்தில் ‘ஹெட்டி வெயின்த்ரொப் இன்வெஸ்டிகேட்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. லங்காஷயரில், ஓய்வூதியம் எடுக்கிற வயதில், துப்பறியும் வேலை தொடங்குகிற ஒரு சாதாரண வீட்டுக்காரி. அப்போது அவருக்கு வயது 66. தொப்பி இல்லை, பாசாங்குப் பேச்சும் இல்லை. தான் பிறந்து வளர்ந்த வடக்கு இங்கிலாந்தின் பேச்சு அந்த வாயில் மிக இயல்பாக இருந்தது. ஹயசிந்த் மறைக்கப் படாத பாடு பட்ட பேச்சை ஹெட்டி வாய் நிறையக் கதைத்தாள். எனக்கு ஹெட்டியை ஹயசிந்தைவிடப் பிடிக்கும். என் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரில் அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ‘அட்மிஷன்: வன் ஷில்லிங்’ என்ற மேடை நிகழ்ச்சியில். பியானோ மேதை மைரா ஹெஸ் பற்றியது. 1939இல் போர் தொடங்கியதும் லண்டன் நஷனல் கலரியிலிருந்த ஓவியங்களைப் பாதுகாப்புக்காக அப்புறப்படுத்திவிட்டார்கள். வெறும் சுவர்கள். இசை அரங்குகளும் மூடிக் கிடந்தன. அந்த வெறும் கட்டடத்தில் மதிய உணவு நேரத்தில் கச்சேரி வைக்கலாம் என்று மைரா ஹெஸ் போய்க் கேட்டார். ஒக்டோபர் 10இல் தொடங்கிற்று. நுழைவு ஒரு ஷில்லிங். குண்டு விழுந்த நாட்களில் நிலவறைக்குப் போனார்கள், ஆனால் நிறுத்தவில்லை. ஆறரை வருடத்தில் 1,698 கச்சேரிகள்.

இதை எழுதியவர் ஹெஸ் குடும்பத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் நைஜல் ஹெஸ். மேடையில் ஒரு பியானோ. வாசிக்க பியர்ஸ் லேன். மைரா ஹெஸ்ஸின் சொற்களைச் சொல்ல இவர். அப்போதே எண்பதைத் தாண்டிவிட்டார். வேறு ஒரு அலங்காரமும் இல்லை. அவர் சொல்லுவார், பிறகு பியானோ வாசிக்கும், வாசித்து முடியும்வரை அவர் கேட்டுக்கொண்டு இருப்பார். நான் அவர் கதைக்கும் நேரத்தைவிட அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவரைக் கூடப் பார்த்தேன். தலை சற்றே சரிந்திருந்தது. கை அசையவில்லை. நிலவறைக்கு இறங்கிய கச்சேரிகளைப் பற்றி அவர் சொன்னபோது, பேர்க்கன்ஹெட்டில் தகப்பனின் கடைக்குக் கீழே இருந்த சிறுமியை நான் நினைத்தேன். எங்கள் வளவில், மாமரத்துக்குப் பக்கத்தில், 86இல் அப்பா வெட்டிய பங்கரையும் நினைத்தேன். ஷெல்லடி கேட்கும்போது அம்மா எங்களைத் தேவாரம் பாடச் சொல்லுவா, சத்தமாக, வெளிச்சத்தம் கேட்காதபடி. அந்த மண்டபத்தில் இருந்த எத்தனை பேர் என்னென்ன நினைத்தார்களோ தெரியாது. கடைசியில் பாக் என்ற இசையமைப்பாளரின் இசையில் ஹெஸ் பியானோவுக்கு மாற்றி எழுதிய அந்த மெல்லிய துண்டு என் காதில் இருந்தபடியே ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.

2017இல் அவருக்கு ‘டேம்’ என்ற பிரித்தானிய அரச பட்டம் கொடுத்தார்கள். அந்த நேரம் அவருக்கு வயது 87. கலியாணம் செய்யவில்லை. கடைசிக் காலத்தில் தெற்கே சிச்செஸ்டரில் இருந்தார்.

இன்னொன்று, கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். 1992இன் கடைசியில் நஷனல் தியேட்டரில் ‘கரோசல்’ இசை நாடகத்தில் நெட்டியாக நடித்தார். ‘யூ வில் நெவர் வோக் அலோன்’ பாடுவது அந்தப் பாத்திரம்தான். இன்று லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் பாட்டு என்று எங்கள் பெடியள் கழுத்தில் சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு பாடுவது அதையேதான். உண்மையில் அது ஒரு இசை நாடகத்தில், புருஷன் செத்துக் கிடக்கும் ஒரு பெண்ணை இன்னொரு பெண் தேற்றுவதற்காகப் பாடுவது. மேர்சி நதிக்கரையில் பிறந்து, லிவர்பூலில் படித்து, லிவர்பூலில் முதல் மேடையேறிய ஒருவர் அதைப் பாடியிருக்கிறார். தொலைக்காட்சியில் ஹயசிந்தாகச் சுருதி தப்பிப் பாடிக்கொண்டிருந்த அதே வருடங்களில். என் பேரன் லிவர்பூல் ரசிகன். அவனிடம் சொன்னேன். நம்பவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். உங்கள் வார இதழில் கலைப்பகுதி இருக்கிறது. அங்கே இந்த நடிகையைப் பற்றி, கூடவே ஸ்கேல்ஸைப் பற்றியும், நாடகம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு முழுப்பக்கம் எழுதுவியுங்கள். லண்டனில் தமிழ் நாடகம் போடுகிற இளையவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குரல்பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களை எனக்கே தெரியும். இரண்டாவது, படம் போடும்போது அந்தத் தொப்பிப் படத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயதான காலத்தில் தலை நரைத்து, பியானோவுக்குப் பக்கத்தில் நிற்கிற படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் போடுங்கள்.

இந்தக் கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் என் கதைகளை வெட்டுங்கள். மாமியின் கதையையும் வெட்டலாம். 1952, 1968, 1982, 1988 ஆகிய ஆண்டுகளை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
தென்கிழக்கு லண்டன்